டிசம்பர் பிறந்த பிறகு துணியை வெட்டாதீர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், நவம்பர் கடைசி வாரத்தில், ஒரு நோட்டில் இப்படி எழுதி வைத்தேன்: மூன்று குவில்ட், எட்டு டப்பா குக்கி, இரண்டு பழக்கேக். எல்லாமே கிறிஸ்துமஸுக்குள். குவில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கும் போர்வை. குவில்ட் ஒன்று அக்காவுக்கு, ஒன்று கல்லூரிக் காலத் தோழிக்கு, இன்னொன்று அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு. குக்கி எல்லாம் அக்கம்பக்கத்துக்கும் மகளின் ஆசிரியர்களுக்கும். எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கையால் செய்ததைக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது வாங்கிக் கொடுப்பதில் எனக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த மாத முடிவில் என்னிடம் இருந்தது முழுதாக முடிந்த ஒரு குவில்ட், சாயம் கெட்ட ஒரு குவில்ட், பாதியில் நின்ற ஒரு குவில்ட், குப்பைக்குப் போன ஒரு கேக், பிடித்துக்கொண்ட கழுத்து, என்னிடம் சரியாகப் பேசாத ஏழு வயது மகள். யாராவது முன்கூட்டி சொல்லியிருந்தால் இதில் பாதியாவது தப்பியிருக்கும். அதனால்தான் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தப்பு கணக்கில். ஒரு குவில்டுக்கு பத்து மணி நேரம் என்று மனதில் வைத்திருந்தேன். ஏன் பத்து என்று கேட்டால் பதில் இல்லை. அதற்கு முன்னால் நான் முடித்திருந்தது இரண்டே குவில்ட், அதுவும் நேரம் பார்க்காமல், மாதக்கணக்கில் அவ்வப்போது உட்கார்ந்து தைத்தவை. குவில்ட் என்றாலே எனக்கு நினைவுக்கு வந்தது மிஷினில் துண்டுகளைச் சேர்க்கும் வேலை மட்டும்தான். வெட்டுவது, ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு மடிப்பது, தரையில் மூன்று அடுக்காக விரித்து ஊக்குக் குத்துவது, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது, கடைசியில் ஓரப்பட்டி கட்டுவது, இவை எதுவும் அந்தப் பத்தில் இல்லை. அந்த டிசம்பரில் வயிற்றெரிச்சலில் நேரத்தைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். 50க்கு 60 அங்குலம் உள்ள, சோபாவில் போர்த்திக்கொள்ளும் அளவு குவில்ட் ஒன்றுக்கு எனக்கு ஆனது இது: வெட்ட மூன்றரை மணி, துண்டுகளைச் சேர்க்க ஒன்பது மணி, அடுக்கி ஊக்குக் குத்த இரண்டரை, அடுக்குகளைச் சேர்க்கும் குவில்டிங் தையலுக்கு ஆறு, ஓரப்பட்டிக்கு ஏழு. மொத்தம் 28. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடக் குறையும், புதியவர்களுக்குக் கூடும். உங்கள் எண் என்னவென்று ஒரு குவில்டை கடிகாரம் பார்த்துத் தைத்தால்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் எதையும் சொல்லிவிடாதீர்கள். நான் மூன்று பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

துணி வாங்கியதில் ஆரம்பித்தது அடுத்த சிக்கல். சிவப்பு, வெள்ளை, கரும்பச்சை என்று பண்டிகை நிறங்கள். எல்லாம் நல்ல பருத்தித் துணிதான், அதில் குறை இல்லை. அன்று செய்த செலவு எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவை எட்டியது. வந்த வேகத்தில் துவைக்காமல் வெட்ட உட்கார்ந்துவிட்டேன். துவைக்காத துணி விறைப்பாக இருக்கும், வெட்டச் சுலபம், நேரமும் மிச்சம் என்று நினைத்தேன். துவைக்காமல் தைக்கிறவர்கள் நிறைய பேர் உண்டு, அது தவறே இல்லை. ஆனால் அடர்சிவப்பும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது அது பெரிய துணிச்சல். ஒரு சின்ன சிவப்புத் துண்டை வெந்நீரில் போட்டு, எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்து உலரவிட்டால் சாயம் போகுமா என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். அந்த ஒரு ராத்திரியை நான் கொடுக்கவில்லை. அதன் விலையை டிசம்பர் 23 அன்று கொடுத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். துவைப்பதென்றால் எல்லாத் துணியையும் துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவையலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். துவைத்ததும் துவைக்காததும் ஒரே போர்வையில் கலந்தால், பிறகு ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது.

அக்காவுக்கான குவில்டில் 30 கட்டங்கள். பதினைந்து கட்டம் முழுத் துணி, பதினைந்து கட்டம் சின்னச் சதுரங்களைச் சேர்த்தது. இரண்டரை அங்குலச் சதுரங்கள் வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை, அதாவது ஒரு கட்டத்துக்கு 25. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் கட்டம் பத்தரை அங்குலம் வரவேண்டும். என் கட்டங்கள் எல்லாம் பத்து அங்குலம் வந்தன. எங்கே போனது அந்த அரை அங்குலம் என்று எனக்குப் புரியவே இல்லை. வெட்டியதை அளந்தேன், சரியாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலின் விளிம்பை நம்பித் தைத்ததில் கால் அங்குலத்தைவிட ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகத் தைத்திருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் அந்த அளவை இழக்கிறது, ஆக ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு. குறுக்கே நான்கு தையல் என்றால் சரியாக அரை அங்குலம்.

அது தெரிந்ததும் நான் செய்த காரியம், தையலைப் பிரிக்க உட்கார்ந்தது. இரண்டு இரவு, நான்கு கட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல். மூன்றாவது இரவு ஒரு கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது: பதினைந்து கட்டமும் ஒரே மாதிரி பத்து அங்குலமாகத்தானே இருக்கிறது, அப்படியானால் முழுத்துணிக் கட்டங்களில் அரை அங்குலம் நறுக்கிவிட்டால் போதுமே! ஒரு மணி நேர வேலை. போர்வை இரண்டு மூன்று அங்குலம் சிறிதாகும், யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? களைத்த மூளைக்கு இந்த வழி இரண்டு நாள் தெரியவில்லை. அதனால் தப்பு கண்ணில் பட்ட ராத்திரியே பிரிக்க உட்காராதீர்கள். மடித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். அப்புறம், எந்தக் குவில்டை ஆரம்பிக்கும் முன்னாலும் இரண்டரை அங்குலப் பட்டை மூன்றை அருகருகே தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக இரண்டு அங்குலம், மொத்த அகலம் ஆறரை அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. இல்லையென்றால் ஊசியை ஒரு மயிரிழை நகர்த்துங்கள், அல்லது மிஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி அதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்தான்.

அடித்துணியிலும் ஏமாந்தேன். குவில்டிங் துணி பெரும்பாலும் 44 அங்குல அகலத்தில்தான் வரும். என் மேல்பக்கம் கிட்டத்தட்ட 50 அங்குலம். அப்படியே விரித்தால் போதாது என்பது தரையில் விரித்த பிறகுதான் உறைத்தது. அதோடு, தைக்கத் தைக்க மேல்துணி நகரும், அதனால் அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும் நாலு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். மறுபடி போய்த் துணி வாங்கி ஒட்டுப்போட்டதில் ஒரு சனிக்கிழமை காலை போனது.

ஊக்குக் குத்துவதில் அவசரப்பட்டேன். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. இந்த அளவுக் குவில்டுக்கு நூற்றைம்பதுக்கு மேல் பிடிக்கும். என்னிடம் இருந்தது நாற்பது. சமாளிக்கலாம் என்று தைத்தேன். திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் மூன்று இடத்தில் மடிப்பு விழுந்து, அதன் மேலேயே தையல் ஓடியிருந்தது. ஊக்கு ரொம்ப மலிவான பொருள், அதை வாங்கக் கடைக்குப் போக சோம்பல்பட்டு இன்னொரு ராத்திரியைப் பிரிப்பதில் கழித்தேன். அந்த நேரத்தில் ஊசியும் மழுங்கியிருந்தது, தையல் விட்டுவிட்டு விழுந்தது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு தடவையாவது ஊசியை மாற்றுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் முழுக் குவில்டையும் ஒரே ஊசியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிட்டது. அலுவலகத்தில் வருடக் கடைசி வேலை, மகளின் பள்ளியில் நாடக ஒத்திகை, யார் வீட்டுக்கோ விருந்து. குக்கி ஆரம்பிக்கவே இல்லை. இங்கேதான் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் வருகிறது. எங்கள் வீட்டில் பெரிய மேஜை ஒன்றே ஒன்று. அதில்தான் வெட்டும் பாயும் மிஷினும், அதில்தான் மாவு உருட்டவும் வேண்டும். மாலையில் குக்கி செய்ய வேண்டுமென்றால் மிஷினைத் தூக்கி, துண்டுகளை வரிசை கலையாமல் தட்டில் அடுக்கி, நூல் பிசிறைப் பெருக்கி, மேஜையைத் துடைக்க வேண்டும். மறுநாள் தைக்க வேண்டுமென்றால் வெண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, திரும்ப எல்லாவற்றையும் பரப்ப வேண்டும். ஒரு தடவை மாற்ற 40 நிமிடம். பத்து நாளில் பதினோரு தடவை மாற்றினேன். ஏழு மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள், வெறும் மேஜையை ஒழிப்பதிலேயே கரைந்தது. தைக்கவும் இல்லை, சுடவும் இல்லை. இது எந்தக் குறிப்பிலும் எழுதியிருக்காது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

நேரம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் அசதியில் மேஜையைச் சரியாகத் துடைக்காமல் தோழியின் குவில்ட் கட்டங்களைப் பரப்பிவிட்டேன். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவு வெண்ணெய்க் கறை. பார்க்காமல் அதன் மேலேயே இஸ்திரியும் போட்டேன். சூடு பட்டால் எண்ணெய்க்கறை நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது மிகவும் கஷ்டம். கறை பட்டது தெரிந்தால் முதலில் சோளமாவைத் தூவி சில மணி நேரம் விட்டு உதறுங்கள், அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். கறை முழுக்கப் போய்விட்டது என்று தெரியும் வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம். என் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. அந்தக் கட்டத்தைத் தூக்கிப்போட்டு, அதே துணி கடையில் தீர்ந்துவிட்டதால், கொஞ்சம் மாறுபட்ட வெள்ளையில் இன்னொன்று தைத்தேன்.

பழக்கேக் கதை சுருக்கமானது. உலர்ந்த பழங்களை ஊறவைக்க ஒரே ஒரு ராத்திரி, கேக்கை ஓவனில் வைத்தது டிசம்பர் 19. நன்றாக விளைந்த பழக்கேக் நான்கு முதல் ஆறு வாரம் முன்னாலேயே சுடப்பட்டு, பேக்கிங் தாளிலும் அதற்கு மேல் அலுமினியத் தாளிலும் சுற்றப்பட்டு, வாரம் ஒரு தடவை ஓரிரு கரண்டி பிராந்தியோ ரம்மோ குடித்து உட்கார்ந்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பழத்தின் ஈரம் கேக்கில் பரவும், துண்டு போட்டால் உதிராது. மது சேர்க்காமல் பழச்சாற்றில் செய்தால் அது வெளியில் அவ்வளவு நாள் தாங்காது, சுற்றி ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க நாள் இல்லை, சுடக்கூட நேரம் இல்லை. எட்டு அங்குலக் கேக் டின்னுக்கு 150 டிகிரிக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேக்கை, சீக்கிரம் முடியட்டும் என்று 180 டிகிரியில் வைத்தேன். மேலே கருகி வெடித்தது, நடுவில் பச்சை மாவு. அந்தப் பழமும் பருப்பும் வெண்ணெயும்தான் அந்த மாத மளிகையிலேயே விலை அதிகமான பொருட்கள். இரண்டாவது கேக்கைச் சரியான சூட்டில் வைத்தேன், நன்றாகவே வந்தது, ஆனால் மறுநாளே வெட்டியதால் பொலபொலவென்று உதிர்ந்தது.

குக்கிகளில் நான் இழந்தது சுமார் அறுபது. முதல் தட்டு அழகாக வந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க, ஓவனிலிருந்து எடுத்த சுடச்சுடத் தட்டிலேயே அடுத்த மாவை வைத்தேன். ஓவனுக்குள் போகும் முன்னாலேயே வெண்ணெய் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் பரந்து ஒரே பாளமாகிவிட்டது. தட்டு முழுக்க ஆறிய பிறகுதான் மாவை வைக்க வேண்டும். இரண்டு மூன்று தட்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். வெட்டிய மாவைத் தட்டோடு கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சுட்டால் நட்சத்திரத்தின் முனை அப்படியே நிற்கும். இன்னொரு தொகுதி உப்பவே இல்லை, பேக்கிங் பவுடர் பழையது. அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும், சும்மா கிடந்தால் தூக்கிப் போடுங்கள். நவம்பரிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் கெட்ட பவுடர் தெரியவரும்போது நான்கு கட்டி வெண்ணெய் உள்ளே போயிருக்கும்.

டப்பாவில் அடுக்கியதிலும் இரண்டு தப்பு. மொறுமொறு குக்கியையும் மென்மையான குக்கியையும் ஒன்றாக வைத்தேன். மென்மையானதிலிருந்து ஈரம் ஏறி இரண்டு நாளில் மொறுமொறுப்பெல்லாம் போய்விட்டது. இரண்டுக்கும் தனித்தனி டப்பா வேண்டும். அடுத்தது ஐசிங். முட்டை வெள்ளையில் செய்யும் கெட்டி ஐசிங்கை குக்கி முழுக்கப் பரப்பினால், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காய ஒரு ராத்திரி வேண்டும். நான் மூன்று மணி நேரத்தில் அடுக்கி மூடினேன். காலையில் திறந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, வரைந்த பனித்துளியெல்லாம் இழுபட்டுக் கிடந்தது.

அந்த ஐசிங் இரவில்தான் மகள் வந்து கேட்டாள், "அம்மா, நான் ஒரே ஒரு ஸ்டார் வெட்டட்டுமா?" என்று. "இப்ப வேண்டாம்மா, கை வெக்காதே, அம்மாவுக்கு நேரமில்ல" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். அடுத்த இரண்டு மூன்று நாள் சமையலறைப் பக்கமே வரவில்லை. இந்த வேலையெல்லாம் ஆரம்பித்ததற்கு முக்கியமான காரணம் அவளோடு சேர்ந்து மாவு பிசைய வேண்டும் என்பதுதான். கேக் கருகியதும் துணி பாழானதும் மறந்துபோகும். இது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, 23ஆம் தேதிக்கு வருகிறேன். அக்காவின் குவில்ட் எப்படியோ முடிந்துவிட்டது. குழந்தையின் குவில்டும் முடிந்தது, அது சின்ன அளவு. குழந்தைக்குக் கொடுப்பதை ஒரு தடவை அலசிக் கொடுக்கலாம் என்று வாஷிங் மிஷினில் போட்டேன். வெளியே எடுத்தபோது வெள்ளைப் பகுதி முழுக்க ரோஸ் நிறம். சில இடத்தில் திட்டுத் திட்டாக. பதற்றத்தில் உலர வைத்து இஸ்திரியும் போட்டுப் பார்த்தேன், நிறம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு தெரிந்துகொண்டது இது: சாயம் பரவினால் காயவே விடக்கூடாது. ஈரத்தோடேயே பெரிய தொட்டியில் முடிந்த அளவு சூடான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, போர்வை முழுக்க மூழ்கி மிதக்க இடம் இருக்கும்படி, பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி. தெளிவாக வரும் வரை மூன்று நான்கு தடவைகூட ஆகலாம். முதல் துவையலில் சாயத்தைப் பிடிக்கும் தாள்களை மிஷினில் சேர்த்துப் போடுவது கூடுதல் பாதுகாப்பு, ஆனால் அடர்சிவப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் குவில்டை நான் கொடுக்கவில்லை. அன்று இரவு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கணவர் கதவைத் தட்டி, "விடும்மா, வெளியே வா, சாப்பிடு" என்றார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன். அவருக்கும் அந்த மாதம் என்னிடமிருந்து கிடைத்தது அது மட்டும்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று குவில்டுக்கு, சின்னதைக் குறைத்துக்கொண்டாலும், 75 மணி நேரம். குக்கிக்கு இருபது, கேக்குக்கு எட்டு. ஆக நூறு மணி நேரத்துக்கு மேல், பிரித்துத் தைத்ததும் மேஜை ஒழித்ததும் சேர்க்காமலே. டிசம்பர் 1 முதல் 24 வரை எனக்கு உண்மையில் இருந்தது என்ன? வார நாட்களில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறில் நாளுக்கு நான்கு மணி நேரம். தாராளமாகப் பார்த்தாலும் 55 மணி நேரம். எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகாது. என் சோம்பேறித்தனம் என்று அந்த மாதம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு குவில்டும் நான்கு டப்பாவும் என்று நிம்மதியாக முடித்திருப்பேன்.

அதற்கடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் வந்துவிட்டன. வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய குவில்ட். யாருக்கு என்பதை வெளியே சொல்வதில்லை. ஆகஸ்டில் துணி வாங்கித் துவைத்து வெட்டுவேன், அக்டோபர் முடிவதற்குள் மேல்பக்கம் தயாராகிவிடும், நவம்பர் பாதியில் மிஷின் உறைக்குள் போய்விடும். அதன் பிறகு மேஜை மாவுக்கு மட்டும். மிஷின் மறுபடி வெளியே வருவது ஜனவரியில்தான். டிசம்பரில் நான் செய்யும் ஒரே தையல், மடியில் வைத்துக் கையால் ஓரப்பட்டி தைப்பது. 50க்கு 60 போர்வையின் நாலு பக்கமும் சேர்த்து 220 அங்குலம், மிஷினில் மேல்பக்கம் பிடித்துவிட்டால் பின்பக்கம் மடித்துக் கையால் தைக்க எனக்கு ஆறு மணி நேரம். ராத்திரிக்கு அரைமணி என்று வைத்தால் பன்னிரண்டு நாளில் முடியும். அதற்கு மேஜை வேண்டாம், சத்தம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். களைத்த நேரத்தில் இதைவிட ஆறுதலான வேலை எனக்குத் தெரியாது. கை நிறையப் பரிசு வேண்டும் என்று தோன்றினால் போர்வைக்குப் போகாமல் தட்டு விரிப்போ கப் வைக்கும் சின்ன விரிப்போ தைக்கிறேன். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம், மிச்சத் துணி போதும்.

சமையலறைப் பக்கமும் இப்படித்தான், காத்திருக்க வேண்டியதை முதலில் செய்வது. நவம்பர் முதல் வாரத்தில் பழம் ஊறும், அந்த வார இறுதியில் கேக் சுடுவேன். அடுத்த இரண்டு வார இறுதிகளில் குக்கி மாவைப் பிசைந்து, உருளையாக உருட்டிச் சுற்றி, மேலே பெயரும் தேதியும் ஓவன் சூடும் எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மூன்று மாதம் வரை நன்றாகவே இருக்கும். டிசம்பரில் ராத்திரி வந்து ஓர் உருளையை எடுத்து, கொஞ்சம் இளகியதும் வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் வைத்தால், சுடுவதற்கு பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாத்திரம் ஒன்றும் அழுக்காவதில்லை. வகையையும் குறைத்துவிட்டேன், முன்பு ஏழு, இப்போது மூன்று. ஏழு வகை யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஐசிங் போடும் குக்கி ஒரே வகை, அதற்கு ஒரு சனிக்கிழமையை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். அது மகளுடைய நாள். வெட்டுவது, நிறம் கலப்பது எல்லாம் அவள் இஷ்டம். அந்த நாள் சுட்டதை யாருக்கும் டப்பாவில் கொடுப்பதில்லை, வீட்டுக்கு மட்டும். அதனால் கோணலாக வந்தாலும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

தோழியின் குவில்ட் என்ன ஆனது என்று சொல்லவில்லை அல்லவா? கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு போன் செய்து முடியவில்லை என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள், "ஏய், இதுக்கா இப்படி அழறே? நீ முடிக்கிறப்போ குடு" என்றாள். பிப்ரவரி நடுவில் முடித்துக் கொடுத்தேன். மாறுபட்ட வெள்ளையில் இருந்த அந்த ஒரு கட்டத்தைக் காட்டி, வெண்ணெய்க் கதையையும் சொன்னேன். இப்போது அவள் வீட்டுக்குப் போனால் சோபாவில் அந்தப் போர்வை அந்தக் கட்டம் மேலே தெரியும்படிதான் மடித்துக் கிடக்கிறது. ரோஸ் நிறமான குழந்தைக் குவில்டை என் மகள் எடுத்துக்கொண்டாள், அதன் மேல் உட்கார்ந்துதான் படிக்கிறாள். அந்தக் குழந்தைக்கு அடுத்த வருடம், துவைத்துச் சோதித்த துணியில், நீலமும் மஞ்சளுமாக ஒன்று தைத்தேன், முதல் பிறந்தநாளுக்கு.